வயற்காட்டுக் கரப்பானும் ஸ்டெராய்டு சேராத களிம்பும்

ஏரும் மண்வெட்டியும் பழுதுபட்டால் அன்றைக்கே கொல்லனிடமும் தச்சனிடமும் கொண்டுபோகும் குடியானவர்கள், தங்கள் கையிலும் கழுத்திலும் கண்ணிமையிலும் கரப்பான் கண்டு மாதக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தாலும், அதை ஒரு வியாதியென்றே பாராட்டாமல் இருந்துவிடுகின்றனர். பாராட்டத் தொடங்கும்பொழுதோ, கடைவீதியில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு டியூப் மருந்தை வாங்கித் தடவுகின்றனர். இவ்விரண்டு வழக்கங்களில் முன்னதைவிடப் பின்னதே அதிகக் கேட்டை விளைவித்து வருகிறது. வேலைசெய்கிறவர்களின் தேகசுகம் வைத்திய இலாகாவின் பொறுப்பு, பயிரின் சுகம் மட்டுமே விவசாய இலாகாவின் பொறுப்பு என்று இரண்டையும் பிரித்துவைப்பது காகிதத்தில் எளிது. ஆனால் களைச் செடியே வியாதிக்குக் காரணமாகும் இடத்தில் அப்பிரிவினை நிற்பதில்லை.

எக்ஸிமா என்று டாக்டர்கள் கூறுவதும் கிராமங்களில் கரப்பான் என்று வழங்குவதும் பெரும்பாலும் ஒன்றே. தோல் சிவந்து தடித்து, நமைச்சல் எடுத்து, சிறு கொப்புளங்களாகி நீர் கசியும். நாட்பட்டால் கறுத்து யானைத்தோல் போல் முரடாகி வெடிக்கும். இது கிருமியினால் உண்டாவதன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பலமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூட்டமாகப் போகும் பெண்களுள் ஒருத்திக்கு முகத்தில் கரப்பான் கண்டால், ஒட்டிக்கொள்ளும் நோயென்று அஞ்சி அவளை வேலைக்கு அழைக்காமல் விடுவதும், தண்ணீர்ச் சொம்பைத் தனியே வைப்பதும் பல ஊர்களில் நடக்கின்றன. ஒரு பருவத்துக் கூலி முழுவதும் இவ்விதம் போய்விடுவதுண்டு. இதே பயத்தினால் குஷ்டமோவென்று ஒளித்துவைப்பாரும் உளர். குஷ்டரோகத்தின் தேமல் வெளிறியோ சிவந்தோ உணர்ச்சியற்று இருக்கும்; அரிப்பது அபூர்வம். அவ்வித அடையாளம் கண்டால் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். அதற்குரிய கூட்டு மருந்து ஸர்க்கார் வைத்தியசாலைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது வேறு சங்கதி.

வயற்புறத்துக் கரப்பானுக்குரிய காரணங்களுள் பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டைப் பிரத்தியேகமாகச் சொல்லவேண்டும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களுக்குரிய இச்செடி, இந்தியாவில் 1955-ஆம் ஆண்டில் புனா நகரத்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. இறக்குமதியான கோதுமையுடன் விதை கலந்து வந்திருக்கலாமென்பது பொதுவான அபிப்பிராயம். அதற்குப் பின் அது புகாத ஜில்லா இல்லை. ரஸ்தாவின் ஓரம், ரெயில் பாதை, தரிசு, வாய்க்கால் கரை, ஊர்ப்புறத்துக் குப்பைமேடு ஆகிய எங்கும் காரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூக்களுமாகச் செழித்து நிற்கிறது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். இதன் இலையிலும் பூவிலும் உள்ள நுண்ணிய ரோமங்களில் பார்த்தீனின் என்னும் காரமுள்ள பதார்த்தம் இருக்கிறது. செடியைத் தொட்டவர்க்கு மட்டுமன்றி, காய்ந்த செடியின் தூசு காற்றில் பறந்து மேலே படிந்தவர்க்கும் கரப்பான் உண்டாவது இதனாலேயே.

இதில் ஒரு விநோதம் உண்டு. முதல் வருஷம் கைந்நிறையப் பிடுங்கினவனுக்கு ஒன்றும் நேராதிருக்கலாம். இரண்டாவது மூன்றாவது வருஷத்திலும் நேராதிருக்கலாம். ஆனால் தேகம் ஒருமுறை அப்பதார்த்தத்தை விரோதியென்று அடையாளம் கண்டுகொண்டபின், அணுவளவு தூசு பட்டாலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் முகமும் கழுத்தும் சிவந்து வீங்கிவிடும். ‘பத்து வருஷமாகப் பிடுங்குகிறேன், எனக்கு ஒன்றும் செய்யாது’ என்று சொல்லும் பெரியவரின் வார்த்தையை நம்பிச் சிறுவர்களை வெறுங்கையோடு இச்செடியைப் பிடுங்க ஏவுவது எவ்வளவு தவறென்பது இதனால் விளங்கும். தூசினால் வரும் கரப்பானுக்கு மேலும் ஓர் அடையாளம் உண்டு. சட்டைக்கு வெளியே உள்ள முகம், கண்ணிமை, கழுத்தின் மடிப்பு, முழங்கையின் உட்புறம் ஆகிய இடங்களையே அது முதலில் பற்றும். பலருக்கு வெயில் பட்டால் அது பின்னும் மிகும்.

பார்த்தீனியம் ஒன்றே காரணமென்று எண்ணிவிடலாகாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்திப் பூவைப் பறித்துத் தொடுப்பவர்களுக்கும் ஒத்த ஜாதிப் பதார்த்தங்களினால் விரல்களிலும் முகத்திலும் கரப்பான் வருவதுண்டு. பூண்டு உரிப்பவர்களின் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வெடிப்பதும், முந்திரி உடைப்பவர்களின் கை தோட்டு எண்ணெயினால் வெந்து கறுப்பதும், மாங்காய் பறிப்பவர்களின் முகத்தில் மாம்பால் தெறித்துப் புண்ணாவதும் யாவரும் அறிந்தவை. இவற்றுட் சில வெறும் காரத்தினால் வரும் புண். சில ஒவ்வாமையினால் வரும் கரப்பான். சிகிச்சை ஒன்றாகாது.

இனி மருந்தின் விஷயம். 1952-ஆம் ஆண்டில் ஹைட்ரோகார்டிஸோன் என்னும் ஸ்டெராய்டு மருந்தை மேற்பூச்சாகத் தடவிப் பார்த்து நற்பலன் கண்டது முதல், தோல் வைத்தியத்தில் ஒரு புதுயுகம் பிறந்ததென்று சொல்வது மிகையாகாது. இன்றும், கடுமையாகச் சிவந்து நீர் கசியும் கரப்பானை விரைவில் அடக்குவதற்குத் தகுந்த வலுவுள்ள ஸ்டெராய்டு களிம்பைச் சில நாட்கள் தடவச் சொல்வது தேர்ந்த டாக்டர்களின் முறை. அம்முறையில் குற்றமில்லை. குற்றம் இருப்பது, பீடாமெத்தஸோன், குளோபெட்டஸால் போன்ற வலுத்த சரக்குகளைக் காளான் மருந்தோடும் கிருமி மருந்தோடும் கலந்து ‘சகல தோல் நோய்க்கும்’ என்று சீட்டில்லாமல் விற்பதிலும், அவற்றை மாதக்கணக்காக முகத்தில் தடவுவதிலுமே. தடவிய மறுநாளே நமைச்சல் அடங்குகிறது. ஆகையால் வாங்கினவர் மகிழ்கிறார். நிறுத்தியவுடன் முன்னிலும் அதிகமாய்ச் சிவந்து காந்துகிறது. ஆகையால் மறுபடியும் வாங்குகிறார். இவ்விதம் ஒரு வருஷம் கழிந்தபின் முகத்தோல் மெல்லிய காகிதம் போலாகி, இரத்தக் குழாய்கள் சிவந்த நூல்களாக வெளியே தெரிகின்றன. அக்குள் தொடைகளில் பிரசவக்கோடு போன்ற கோடுகள் விழுந்து நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. கண்ணிமையில் நெடுநாள் தடவுவோருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வைக்கே சேதம் வரலாம்; கண்புரையும் வரலாம்.

படர்தாமரையைக் கரப்பான் என்று எண்ணி ஸ்டெராய்டு தடவுவோரின் நிலைமை வேறொரு விதத்தில் மோசமானது. வட்டமாய் ஓரம் தடித்து நடு வெளுத்திருக்கும் அதன் இயற்கை வடிவம் மாறிப்போய், நமைச்சல் மாத்திரம் அடங்கி, உள்ளே காளான் தடையின்றிப் பரவுகிறது. பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரிவதில்லை. இந்தியாவில் சில வருஷங்களாகச் சாமானிய மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகியிருப்பதற்கு இக்கலப்புக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணமென்று தோல் வைத்தியர்கள் வற்புறுத்திச் சொல்லி வருகின்றனர். 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இவ்வகை ஸ்டெராய்டு பூச்சுக்கள் பலவற்றை டாக்டர் சீட்டின்பேரில் மட்டும் விற்கவேண்டிய மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, சந்தை நாளில் கடையில் நின்று பார்ப்பவர்க்கு அதன் அமுல் எவ்வளவு என்பது தெரியும்.

ஸ்டெராய்டு சேராத களிம்புகள் இவ்விடத்திலேதான் பயன்படுகின்றன. அவற்றுள் முக்கியமான டாக்ரோலிமஸ் என்பதன் பிறப்பு விவசாயிகளுக்கு ருசிகரமாயிருக்கும். 1984-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஃபுஜிஸாவா என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ட்ஸுகுபா பிரதேசத்து மண்ணை எடுத்துச் சோதித்தபொழுது, அதில் வாழும் ஸ்ட்ரெப்டோமைஸிஸ் வகை நுண்ணுயிர் ஒன்று இப்பதார்த்தத்தைச் சுரப்பதைக் கண்டனர். மழை பெய்த மண்ணிலிருந்து எழும் வாசனைக்கும் ஸ்ட்ரெப்டோமைஸிஸ் இனத்து நுண்ணுயிர்களே பெரும்பாலும் காரணம். ஈரல் முதலிய உறுப்புக்களை மாற்றிப் பொருத்தும்பொழுது தேகம் அவற்றை விலக்காதிருக்க இம்மருந்தை உள்ளுக்குக் கொடுத்தனர். பின்னர் அதையே களிம்பாக்கி 1999-இல் ஜப்பானிலும், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் கரப்பானுக்கு அனுமதித்தனர். அடுத்த ஆண்டில் பைமெக்ரோலிமஸ் என்னும் ஒத்த மருந்தும், 2016-இல் கிரிஸபோரோல் என்னும் வேறு வகை மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்தியாவில் டாக்ரோலிமஸ் களிம்பைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன.

இது வேலைசெய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வாத பொருள் பட்டவுடன் தோலில் உள்ள காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு, வீக்கத்தையும் நமைச்சலையும் உண்டாக்கும் சமிக்ஞைகளைப் பிறப்பிக்கின்றன. டாக்ரோலிமஸ் அச்சமிக்ஞை பிறவாமல் அந்த அணுக்களுக்குள்ளேயே தடுக்கிறது. ஸ்டெராய்டும் வீக்கத்தை அடக்குவதுதான். ஆனால் அது தோலைத் தாங்கி நிற்கும் நார்ப்பொருள் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. டாக்ரோலிமஸ் அதைத் தொடுவதில்லை. ஆகவே தோல் மெலிவதில்லை. முகம், கண்ணிமை, கழுத்து, மடிப்புக்கள் ஆகிய மெல்லிய இடங்களுக்கு, அதுவும் மீண்டும் மீண்டும் வரும் வியாதிக்கு, இது ஏற்றதாவது இக்காரணத்தினாலேயே. பார்த்தீனியத் தூசு பற்றும் இடங்களும் அவையே என்பதைக் கவனிக்கவேண்டும்.

உபயோகிக்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். முதலாவதாக, டாக்டர் பார்த்து இது கரப்பானே என்று சொல்லாமல் தொடங்கக்கூடாது; படர்தாமரைக்கும் சொறிக்கும் இது மருந்தன்று. சீழ் பிடித்த இடத்திலும், அக்கி போன்ற கொப்புளம் கண்ட இடத்திலும் தடவலாகாது. முதலில் அவற்றுக்குச் சிகிச்சை செய்துகொள்ளவேண்டும். இம்மருந்து நூற்றுக்கு 0.03 பங்கு, 0.1 பங்கு என இரண்டு வலுவில் விற்கப்படுகிறது. 2 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 0.03-ம், 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டாக்டர் விரும்பினால் 0.1-ம் உரியவை. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாங்கித் தடவக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் டாக்டரிடம் அதைச் சொல்லிய பின்பே உபயோகிக்கவேண்டும். காலையிலும் மாலையிலும், நோயுள்ள இடத்தில் மட்டும், நன்றாகத் துடைத்து உலர்ந்தபின் மெல்லியதாகத் தடவினால் போதும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரையில் பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கையளவு இடத்துக்குக் காணும். தடவிய இடத்தைக் காற்றுப் புகாதபடி கட்டுப் போட்டு மூடலாகாது.

தடவிய முதல் சில நாட்களில் காந்தலும் எரிச்சலும் பலருக்கு உண்டாகும். இதை முன்கூட்டிச் சொல்லாத காரணத்தால், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இரண்டாம் நாளே எறிந்துவிட்டு, குளுகுளுவென்றிருக்கும் பழைய ஸ்டெராய்டு டியூபுக்கே திரும்பிவிடுகின்றனர். தோல் ஆற ஆற எரிச்சல் குறைந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். மிகவும் பொங்கிச் சிவந்த நிலையில் சில டாக்டர்கள் முதலில் ஸ்டெராய்டு களிம்பைச் சில நாட்கள் கொடுத்து, வேகம் தணிந்தபின் இதற்கு மாற்றுவது எரிச்சலைக் குறைக்கவும் உதவும். ஆறிய பின்னும் அடிக்கடி திரும்புகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தடவிவரச் சொல்லும் முறையும் உண்டு. மது அருந்துகிறவர்களுக்கு இதைத் தடவியிருக்கும்பொழுது முகம் திடீரென்று சிவந்து காந்தும். அபாயமில்லை, ஆனால் பயந்துவிடுவார்கள். வெயிலில் தடவிய இடத்தைக் காட்டாதிருப்பது நலம். வயலில் வெயிலுக்கு ஒளிய முடியாதென்பது மெய்யே. எனினும் பெண்கள் சேலையின்மேல் அணிந்துகொள்ளும் முழுக்கைச் சட்டையும், தலையோடு கழுத்தையும் மறைக்கும் முண்டாசும் வெயிலையும் தூசையும் ஒருங்கே தடுக்கும். அச்சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமலிருக்கவேண்டும். ஏனெனில் தூசு அதில்தான் வீட்டுக்குள் வருகிறது.

களிம்பைவிட மலிவானதும் களிம்புக்கு முற்பட்டதுமான ஒரு காரியம், தோலை வறளவிடாமல் காப்பது. குளித்து ஈரம் ஒற்றியவுடன் வெள்ளை வாஸலினோ தேங்காய் எண்ணெயோ தடவிவருவதும், சலவைச் சோப்பினால் உடம்பு தேய்ப்பதை நிறுத்துவதும், எலுமிச்சைச் சாறு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு முதலியவற்றைப் புண்ணில் வைக்காதிருப்பதும் பாதி வைத்தியமாகும். வாஸலினையும் மருந்தையும் ஒரே சமயத்தில் குழப்பித் தடவாமல் இடைவெளி விடவேண்டும்.

இம்மருந்தைப்பற்றிய ஒரு பயத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். 2006-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இதன் அட்டையில் புற்றுநோயைக் குறித்த எச்சரிக்கை ஒன்று பெரிய கட்டத்துக்குள் அச்சிடப்பட்டது. மாத்திரையாக உள்ளுக்குச் சாப்பிடுவோருக்கு உள்ள அபாயத்தையும், பிராணிகளுக்கு மிகுதியாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளையும், சில தனி நோயாளிகளைப்பற்றி வந்த அறிக்கைகளையும் கொண்டு எழுந்த எச்சரிக்கை அது. களிம்பாகத் தடவும்பொழுது இரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம்; தோல் ஆறியபின் அது இன்னும் குறைந்துபோகிறது. இதைத் தடவிய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், சாதாரணமாக எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு மேல் புற்றுநோய் காணப்படவில்லை. தேவையான இடத்தில் தேவையான காலம் மட்டும் தடவுக என்பதே அந்த எச்சரிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பொருள். அட்டையிலுள்ள எச்சரிக்கைக்கு அஞ்சி இதை விலக்கிவிட்டு, எந்த எச்சரிக்கையையும் எவரும் வாசித்துக் காட்டாத ஸ்டெராய்டு கலப்பை ஐந்து வருஷம் கண்ணிமையில் தடவுவது விவேகமாகாது.

குறைகளும் இல்லாமலில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய தடித்த தோலில் இது எளிதில் ஊடுருவுவதில்லை. ஆகையால் பூண்டு உரிப்பவரின் விரல் வெடிப்புக்கு இதை முதல் மருந்தாக நம்பியிருக்க முடியாது. அங்கே கையுறையும் வாஸலினும், டாக்டர் சொன்னபடி குறைந்த காலத்துக்கு ஸ்டெராய்டுமே உதவும். பார்த்தீனியக் கரப்பான் உடம்பு முழுவதும் பரவினவர்களுக்கு எந்தக் களிம்பும் போதாது. தோல் வைத்தியரின் மேற்பார்வையில் இரத்தப் பரிசோதனைகளோடு உள்மருந்து சாப்பிடவேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக நமைச்சல் நிற்க அடிக்கடி ஸ்டெராய்டு ஊசி போட்டுக்கொள்வது சர்க்கரை வியாதியையும் எலும்புச் சிதைவையும் விலைகொடுத்து வாங்குவதாகும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை விலை. கலப்பு ஸ்டெராய்டு டியூபைவிட 10 கிராம் டாக்ரோலிமஸ் டியூப் சில மடங்கு அதிக விலையாகிறது. நாட்கூலி வாங்குகிறவள் எதை வாங்குவாள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஸர்க்கார் தலைமை வைத்தியசாலைகளில் மட்டுமன்றி, களைச் செடி மண்டிய கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரையில் இம்மருந்து தட்டில்லாமல் இருக்கும்படி செய்வதே இதற்குப் பரிகாரம். செலவு மிகுமென்று ஆட்சேபிப்பார்கள். ஸ்டெராய்டினால் கெட்ட முகத்தையும் கண்ணையும் பின்னால் சரிசெய்யும் செலவையும், அடங்காத படர்தாமரைக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் மாத்திரைகளின் செலவையும் அக்கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

விவசாய இலாகாவின் கிராம ஊழியர்கள் மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது. அதற்கு அவர்களுக்குப் பயிற்சியுமில்லை, அதிகாரமுமில்லை. அவர்கள் செய்யக்கூடியது காரணத்தை அகற்றுவது. பூச்சிமருந்துக்குச் சிபாரிசு கேட்க வருகிறவர் முகத்தில் கரப்பானோடு நின்றால், வரப்பில் பார்த்தீனியம் நிற்கிறதா என்று கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. வருஷந்தோறும் இப்பருவத்தில்தான் வருகிறதா, வெளியூர் சென்றால் தணிகிறதா, கண்ணிமையைப் பற்றியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளின் விடையைச் சீட்டில் எழுதித் தோல் வைத்தியரிடம் அனுப்பினால், அவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து சில நாட்களில் காரணத்தை உறுதிப்படுத்த அது பேருதவியாகும்.

செடியை ஒழிப்பதிலும் ஒழுங்கு தேவை. பூத்தபின் பிடுங்குவது தூசையும் மகரந்தத்தையும் விதையையும் ஊரெல்லாம் பரப்புவதாகவே முடிகிறது. மழைக்குப் பின் முளைத்தவுடன், பூ எடுப்பதற்கு முன், மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்கவேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகமறைப்பும் அவசியம். ஏற்கெனவே கரப்பான் உள்ளவர்களை இவ்வேலைக்கு அழைக்கவே கூடாது. அவர்களுக்கு அன்றைய தினம் வேறு வேலை கொடுக்கலாம். பூக்காத செடியைக் குழியிலிட்டு மக்கவைத்தால் எருவாகும். பயிரில்லாத இடங்களில் 1 லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பு வீதம் கரைத்து, ஒட்டுத் திரவம் சிறிது சேர்த்துத் தெளிப்பது நல்ல முறை; விளைநிலத்தில் இதைச் செய்தால் மண் கெடும். மெக்ஸிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-ஆம் ஆண்டில் பெங்களூரில் விடப்பட்ட ஸைகோகிராம்மா என்னும் சிறு வண்டு, மழைக்காலத்தில் இலைகளைத் தின்று செடியை மொட்டையாக்கும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். வண்டு மொய்த்திருக்கும் இடத்தில் பூச்சிமருந்து அடித்து அதைக் கொன்றுவிடும் ஊர்களும் உண்டு. செடியைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். கரப்பான் உள்ள வீட்டாருக்கு அந்தப் புகையும் பறக்கும் சாம்பலும் ஆகாதவை.

பள்ளிக்கூடத்து மைதானத்தையும் அங்கன்வாடியின் வாசலையும் முதலில் சுத்தம் செய்யவேண்டும். அவ்வேலையைப் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்காமல், ஊராட்சிப் பணத்தில் கையுறை வாங்கிக் கொடுத்து, கூலி பேசி, பெரியவர்களைக் கொண்டு முதல் மழைக்குப் பின் மூன்றாவது வாரத்துக்குள் முடித்துவிட்டால், பூவெடுக்கும் முன் ஒரு தடவையும், பின்முளைப்புக்கு மாதம் கழித்து மற்றொரு தடவையுமாக இரண்டு முறை ஆட்கள் போதும்.